தானே புயல் முறித்த காசாமரம்

2018 ஆகஸ்ட். ஆடி முடிய ஒரு வாரம் இருந்தது. கடலூர் கேப்பர் மலையில் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரித் தோப்பு. சுற்றியிருந்த நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகு அவரும் கொடுத்துவிட்டார். “திங்கக்கிழமை ஜேசிபி வருதுப்பா. செடி கிடி வேணும்னா அதுக்குள்ள வந்து எடுத்துக்க. வாங்கினவர்கிட்டயும் சொல்லிட்டேன்” என்று போன் செய்தார். எனக்குப் பத்து வருடமாகப் போன்சாய்ப் பழக்கம் உண்டு. ஆல், அரசு, புளி என்று எல்லாம் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. மண்ணில் தானாக முளைத்து, அடிபட்டு, வயதான மரம் ஒன்றை எடுத்து வளர்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அது மாமாவுக்குத் தெரியும்.

கேப்பர் மலை என்று பெயர்தானே தவிர, அது செம்மண் மேடு. செம்புரைக்கல் பொடிந்த சிவப்பு மண். மழை பெய்தால் கடப்பாரை இறங்கும், காய்ந்தால் பொறி பறக்கும். தோப்பின் மூலையில், சாய்ந்து மக்கிய ஒரு முந்திரித் தூருக்குப் பக்கத்தில்தான் அந்தக் காசா நின்றது. முழங்கால் உயரத்துக்குப் புதர் போலத்தான் தெரிந்தது. இலையை விலக்கிப் பார்த்தபோது உள்ளே தொடை கனத்தில் அடிமரம். அதில் பாதி உயிரோடு இருந்தது, பாதி சாம்பல் நிறத்தில் செத்து நின்றது.

அது எப்படி அப்படி ஆனது என்பதை மாமாதான் சொன்னார். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையேறிய அன்று, முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்றிலேயே பெரிய முந்திரி மரம் வேரோடு பெயர்ந்து இதன் மேல் விழுந்திருக்கிறது. காசாவுக்கு அப்போது இரண்டு தண்டு. வடக்குப் பக்கத் தண்டு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்து, அடிவரை பிளந்துவிட்டது. தெற்குப் பக்கத் தண்டு தப்பித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் கொட்டை விழும் பருவத்துக்கு முன்னால் தோப்பின் அடியைச் சுத்தம் செய்யும்போது, துளிர்த்து வந்த கழிகளை எல்லாம் அரிவாளால் அரிந்துவிட்டிருக்கிறார்கள். ஏழு வருடம் அப்படி வெட்டுப்பட்டு, மேலே போக வழியில்லாமல் அடி மட்டும் பருத்திருக்கிறது. தொட்டியில் வைத்து இதைச் செய்ய முப்பது வருடம் ஆகும்.

காசா என்றும் காசான் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்லும் இந்த மரம்தான் பழம் பாட்டுகளில் வரும் காயா. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்பது இதன் நீலப் பூவை வைத்துத்தான். கேப்பர் மலை அடிவாரத்தில் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் இருக்கிறார். மேலே மேட்டில் அவருடைய நிறத்துப் பூ பூக்கிற மரத்தை முந்திரிக்காகக் களையோடு களையாக வெட்டிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு வருத்தம்தான். இந்தக் கடற்கரை ஓரத்தில் ஒரு காலத்தில் பரவியிருந்த வறண்ட பசுமைமாறாக் காட்டின் முக்கியமான மரங்களில் இது ஒன்று. இப்போது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிச்சம் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனால் தலைக்கு மேல் காசா நிற்பதைப் பார்க்கலாம்.

அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். கோயில் காட்டிலிருந்தோ வனத்துறைக் காட்டிலிருந்தோ ஒரு கன்றைக்கூட எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை ஜேசிபி பெயர்க்கப் போகிற மரம், நிலத்துக்காரர் இருவரும் சம்மதித்துக் கொடுத்த மரம் என்பதால் மட்டுமே இதை நான் தொட்டேன்.

எடுத்த விதம்

முறையாகச் செய்வதென்றால் ஒரு வருடம் முன்பே அடியைச் சுற்றி வாய்க்கால் போலத் தோண்டி, பக்க வேரைப் பாதிப் பாதியாக வெட்டிவிட்டு, உள்ளே புதிய சல்லிவேர் வந்த பிறகு பெயர்க்க வேண்டும். எனக்கு இருந்தது மூன்று நாள். நல்ல காலம், முந்தைய இரண்டு மாலையும் இடி மழை பெய்திருந்தது.

அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டம் போட்டுத் தோண்டினோம், நானும் மாமாவும். தெற்குப் பக்கம் நல்ல சல்லிவேர். வடக்குப் பக்கம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மேலே செத்த தண்டுக்கு நேர் கீழே இருந்த வேரும் செத்து மக்கியிருந்தது. இதை அன்றே நோட்டில் படம் வரைந்து வைத்துக்கொண்டேன். பின்னால் மரத்தைச் செதுக்கும்போது எந்தப் பட்டை எந்த வேரிலிருந்து உணவு வாங்குகிறது என்று தெரிய அந்தப் படம்தான் உதவியது. ஆணிவேர் மணிக்கட்டு கனம். அதைக் கைரம்பத்தால் ஒரு சாண் ஆழத்தில் அறுத்தேன். கடப்பாரையால் குத்தி முறித்தால் வேர் நார் நாராகக் கிழிந்து அழுகும். அறுத்த வாயைக் கூரான கத்தியால் சீவி, பூஞ்சைக் கொல்லித் தூளைத் தடவினேன்.

மேலே உயிருள்ள கழிகளில் நான்கை மட்டும் விட்டு, இலைகளைப் பாதியாக வெட்டினேன். செத்த தண்டைத் தொடவில்லை. அது முக்கால் முழம் நீட்டிக்கொண்டு, குட்டியானை வண்டியில் ஏற்றவே இடைஞ்சலாக இருந்தது. “செத்த கட்டைதானப்பா, அறுத்துட்டா என்ன?” என்று மாமா கேட்டார். இந்த மரத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான் என்று சொன்னேன். அவசரத்தில் அடியோடு அறுத்துவிட்டால் பிறகு ஒட்ட வைக்க முடியாது. தானேயை அந்த மரம் அதில்தான் வைத்திருந்தது.

மண்ணோடு ஈரச் சாக்கில் சுற்றிச் சணல் கட்டித் தூக்கினபோது நான்கு பேர் வேண்டியிருந்தது. அடிச் சுற்றளவு 46 சென்டிமீட்டர், உயரம் செத்த தண்டையும் சேர்த்து 70.

மீன் பெட்டியில் இரண்டரை வருடம்

என் வீடு மஞ்சக்குப்பத்தில். செடிகள் எல்லாம் மொட்டை மாடியில். சித்திரை, வைகாசியில் மாடித் தளம் எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வேர் வெட்டுப்பட்ட மரத்தைச் சிமெண்டுத் தொட்டியில் வைத்தால் பக்கத்து வேர் வெந்துவிடும். அதனால் முதுநகர் துறைமுகத்தில் பழைய தெர்மோகோல் மீன் பெட்டி ஒன்று வாங்கினேன். உப்பும் கவிச்சியும் போக ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அடியில் ஒன்பது ஓட்டை போட்டேன். வெளியே எவ்வளவு சூடானாலும் உள்ளே மண் குளிர்ச்சியாக இருக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பயிற்சித் தொட்டியும் நம் ஊர் வெயிலில் இதற்கு ஈடாகாது என்பது என் அனுபவம்.

மண் கலவைக்குத் தோப்பிலிருந்தே நான்கு மூட்டை செம்புரைச் சரளை கொண்டு வந்திருந்தேன். சல்லடையில் சலித்து, மிளகுக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட பருமனை மட்டும் எடுத்தேன். தூள் முழுவதையும் தள்ளினேன். தூள்தான் ஓட்டையை அடைத்து வேரை அழுக வைக்கும். ஐந்து பங்கு சரளை, ஒரு பங்கு தென்னை மட்டைத் துண்டு, ஒரு பங்கு அடுப்புக்கரி. பழைய மண்ணில் பாதியைத்தான் குச்சியால் தட்டி எடுத்தேன். சல்லிவேரோடு ஒட்டியிருந்த மீதி மண்ணை அப்படியே விட்டேன். மரம் ஆடாமல் பெட்டிக்கு அடியில் இரண்டு ரீப்பர் கொடுத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். புது வேர் நூல் மாதிரி இருக்கும். காற்றில் மரம் ஒரு விரல்கடை ஆடினாலே அறுந்துவிடும். பிழைக்காமல் போகிற மரங்களில் பல இந்த ஆட்டத்தால்தான் போகின்றன என்று நினைக்கிறேன்.

அடிமரத்தை ஈரச் சாக்கால் சுற்றி, மேலே கண்ணாடி பாலித்தீன் பையைக் கவிழ்த்து, நிழல்வலைக்குக் கீழே வைத்தேன். தினமும் காலையில் பையைக் கொஞ்சம் திறந்து மூடுவேன். ஏழாவது வாரம், செப்டம்பர் கடைசியில், தெற்குப் பக்கப் பட்டையில் மிளகளவு மொட்டுகள். நான்கு கழியில் ஒன்று காய்ந்துவிட்டது, மற்ற மூன்றும் பிடித்துக்கொண்டன.

இந்தக் கட்டத்தில்தான் பலரும் அவசரப்படுவார்கள். முதல் துளிர் வந்தால் மரம் பிழைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அடிமரத்தில் சேர்த்து வைத்திருந்த உணவைச் செலவழித்தே ஒரு தடவை துளிர்க்கும். வேர் வரவில்லை என்றால் இரண்டு மாதத்தில் அந்தத் துளிர் வாடும். அதனால் இலை முற்றி, இரண்டாவது துளிர் வரும் வரை உரம் போடவில்லை, பெட்டியை நகர்த்தக்கூட இல்லை.

2019 கோடையில் வேறு ஒரு தொந்தரவு வந்தது. புது இலைகள் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மாதம் இரண்டு முறை சாணக் கரைசல் விட்டும் மாறவில்லை. காசா இலையில் அலுமினியம் சேரும். அந்தக் காலத்தில் துணிக்கும் பாய்க்கோரைக்கும் சாயம் பிடிக்க இந்த இலையைச் சேர்த்ததே அதனால்தான். அலுமினியம் புளிப்பான மண்ணில்தான் வேருக்குக் கிடைக்கும். அப்படியானால் இது புளிப்பு மண்ணுக்குப் பழகிய மரம். நான் ஊற்றிக்கொண்டிருந்ததோ சுண்ணாம்பு படியும் போர் தண்ணீர், வாளியிலேயே வெள்ளையாகப் படிவது. மண் காரமாகி இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

சரி என்று இரண்டு காரியம் செய்தேன். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் எலுமிச்சை உப்பு கலந்து சாயங்காலத்தில் இலை மேல் தெளித்தேன், பத்து நாளைக்கு ஒரு முறை, மூன்று தடவை. போர் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். மழைக்காலம் வந்ததும் 200 லிட்டர் டிரம் இரண்டு வாங்கி மாடித் தண்ணீரைச் சேர்த்தேன். அடுத்த துளிர் கரும்பச்சையாக வந்தது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாடியில் செடி வளர்ப்பவர்கள் உரக்கடைக்குப் போவதற்கு முன்னால் தங்கள் தண்ணீரை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இந்த இரண்டரை வருடமும் ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. கழிகள் இஷ்டத்துக்கு வளர்ந்து கட்டைவிரல் கனம் வந்தன. காத்திருந்த நாட்களில் நான் அதிகம் பார்த்தது வெளிநாட்டில் யூ மரத்தைப் போன்சாய் ஆக்குகிற காணொளிகளை. யூ நம் ஊர் மரம் இல்லை. அதற்குக் குளிர் வேண்டும். நம் நாட்டில் இமயமலைப் பக்கம் அதன் இனம் ஒன்று உண்டு. ஆனாலும் குணத்தில் காசாவுக்கு அண்ணன் மாதிரி. மெதுவாக வளரும், கட்டை இறுகியிருக்கும், முதிர்ந்த பட்டையிலிருந்தும் துளிர்க்கும், செத்த பாகம் வருடக்கணக்கில் மக்காமல் நிற்கும். மலையிலிருந்து எடுத்த யூவில் வெளுத்த செத்த கட்டைக்கு நடுவே உயிருள்ள பட்டை ஒரு வரியாக ஏறிப் போகும். அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தொடாமல், சுற்றியுள்ளதை மட்டும் சுத்தம் செய்வார்கள். செத்த கிளையை ஜின் என்றும், தண்டில் பட்டை உரிந்து செத்த பகுதியை ஷாரி என்றும் ஜப்பானியப் பெயர் சொல்வார்கள். நான் பார்த்ததில் கைதேர்ந்தவர்கள் முதல் நாளில் முக்கால் நேரத்தைச் செத்த கட்டையிலேயே செலவழித்தார்கள். பச்சையைத் தொடுவது கடைசியில்தான். அதுதான் என் மனதில் நின்றது.

2021 பிப்ரவரி

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது மரத்தைக் கீழே இறக்கிவைத்து மறுபடி ஏற்றினேன். பெட்டியைத் தூக்கியபோது ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. பொங்கல் கழித்துச் செய்யலாம் என்று அப்போது முடிவு செய்தேன். பனி குறைந்து, வெயில் ஏறாமல், புதுத் துளிர் கிளம்புவதற்கு முன் இருக்கிற அந்த நான்கு வாரம் இதற்குத் தோதானது.

எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். செத்த தண்டை எப்படிச் செதுக்குவது என்று அவரிடம் கேட்கப் போனேன். கிரைண்டர் மிஷினை இரவல் வாங்கலாம் என்பது என் எண்ணம். அவர் வீட்டுக்கே வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

“காசாவா தம்பி? கோடாலிக் காம்புக்கு எங்கப்பா தேடிப் போவாரு. இதுல மிஷின் வெக்காதீங்க. மிஷின் வெச்சா எல்லா மரமும் ஒரே மாதிரி ஆயிடும்.”

“வேற எப்படிண்ணே பண்றது?”

“பொளந்து உடுங்க. நாரு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே வரும். உளி ஆரம்பிச்சு குடுத்தா போதும்.”

அப்படியே செய்தோம். செத்த தண்டின் நுனியில், தானேயில் முறிந்த இடம் ஒழுங்கில்லாமல் இருந்தது. அதற்குக் கீழே அரிவாள் வெட்டு ஒன்று தட்டையாக, பார்த்தவுடன் கண்ணை உறுத்தியது. அந்தத் தட்டை முகத்தில் அரையங்குல உளியை நாரோட்டத்துக்கு நேராக வைத்து ஒரு தட்டு. விரிசல் விழுந்ததும் குறடால் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தால் நார் ஒரு கீற்றாகக் கிழிந்து வருகிறது. வளைந்து போகிற இடத்தில் நாரும் வளைந்தே வருகிறது. இப்படி ஒவ்வொரு கீற்றாக, காலை ஏழரைக்கு ஆரம்பித்து மதியம் வரை. கடைசியில் அரிவாள் வெட்டு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. முறிந்த நுனியை மட்டும் நான் தொடவில்லை. ஆசாரியும் அதையேதான் சொன்னார்.

அடியில் செத்த கட்டையும் உயிருள்ள பட்டையும் சேரும் எல்லையைக் கண்டுபிடிக்க அரை நாள். சந்தேகமுள்ள இடத்தில் ஊசியால் லேசாகக் கீறினால் பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு தெரிந்தால் செத்தது. தோண்டிய நாளில் வரைந்த வேர்ப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தெற்கு வேரிலிருந்து கிளம்பும் உயிர்ப்பட்டை நேராக மேலே போகவில்லை; இடுப்பில் குடம் வைத்தது போல ஒரு திருப்பம் திரும்பிக் கிழக்கே போய், அப்புறம்தான் மேலே ஏறுகிறது. அதன் ஓரம் இந்த வருடங்களில் உருண்டு தடித்திருந்தது. பழைய பட்டைத் துணுக்கை மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். உருண்ட ஓரத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் அந்த வரி பின்வாங்கும்.

அதுவரை நான் மனதில் வைத்திருந்த முன்பக்கம் தெற்கு. வேர் விரிந்து அழகாகத் தெரியும் பக்கம் அது. இரண்டரை வருடம் அந்தப் பக்கத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். செத்த கட்டை சுத்தமான பிறகு பார்த்தால் அங்கிருந்து புயலின் அடியே கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ வளர்த்த நல்ல மரம் போல இருந்தது. பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிழக்கு முகத்தில், உயிர்ப்பட்டை குறுக்கே ஏறும் இடமும் பிளந்த தண்டும் சேர்ந்து தெரிகிற கோணத்தில், நிறுத்தினேன். வேர் விரிப்பு கொஞ்சம் மறைகிறது. பரவாயில்லை. வடக்குப் பக்கம் பெட்டிக்கு அடியில் ஒரு செங்கல் கொடுத்துத் தெற்கே சாய்த்தேன், அந்த முதல் காற்று தள்ளிய திசைக்கு. மரம் அந்த இடத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது போல இருந்தது.

பிறகுதான் பச்சை. மொத்தம் பதினொரு கழி. ஐந்தை வைத்துக்கொண்டு ஆறை எடுத்தேன். எடுத்தவற்றில் இரண்டை ஒட்ட அறுக்காமல் விரல் நீளம் விட்டுப் பட்டை உரித்துச் செத்த கிளையாக்கினேன், பழைய கட்டையோடு கூட்டுச் சேர.

கம்பிக்கு நான் செம்பையே பயன்படுத்துகிறேன். அலுமினியம் வளைக்கச் சுலபம், ஆனால் காசாவின் இறுக்கத்துக்கு இரட்டைப் பருமன் வேண்டும், கண்ணிலும் துருத்தும். எலெக்ட்ரிக்கல் கடையில் எர்த்துக்குப் போடும் செம்புக் கம்பி எட்டு கேஜும் பதினான்கு கேஜும் கிடைக்கும். அப்படியே சுற்ற முடியாது, முறுக்கு அதிகம். வறட்டி மூட்டம் போட்டு அதில் சுருளாக வைத்து, மங்கலாகச் சிவந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டால் ஈயம் மாதிரி இளகிவிடும். ஒரு தடவை வளைத்தால் மறுபடி இறுகும், அதனால் ஒரே மூச்சில் சரியாகச் சுற்ற வேண்டும். கிளைக்கு 45 பாகைச் சாய்வில், பட்டையை இறுக்காமல், இடைவெளியும் விடாமல்.

இந்த மரத்தில் நான் செய்த பெரிய தவறு இங்கேதான். இடப்பக்க முதல் கிளை கட்டைவிரல் கனம், நிமிர்ந்து நின்றது. அதை கீழே இறக்கினால்தான் செத்த தண்டு வெளியே தெரியும். சைக்கிள் டியூபை ஒரு விரல் அகல நாடாவாக வெட்டி ஈரச் சணலுக்கு மேல் இறுக்கிச் சுற்றி, எட்டு கேஜ் கம்பி போட்டு, நுனியிலிருந்து ஒரு இழுகம்பியைப் பெட்டிக்குக் கட்டி முறுக்கிக்கொண்டே வந்தேன். பாதி இறங்கியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கையில் பிடித்திருந்த கிளை சட்டென்று லேசானது. அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

அன்று காலையில் பழக்கத்தில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். தண்ணீர் நிறைந்த கிளை விறைப்பாக இருக்கும். கனமான கிளையை வளைப்பதற்கு முந்தின நாளும் அன்றும் தண்ணீரைக் குறைத்தால் நார் துவண்டு கொடுக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று காலை யோசிக்கவில்லை. முறுக்கை இரண்டு சுற்றுத் தளர்த்தி, விரிசலைச் சேர்த்து அழுத்தி, காயத்தில் மெழுகு பூசி, டியூபை இன்னும் ஒரு அடுக்குச் சுற்றிக் கட்டினேன். கிளை பிழைத்தது. ஆனால் நுனியில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்துபோனது. நினைத்த தாழ்வுக்கு அதைக் கொண்டுவர இன்னும் இரண்டு வருடம், வருடம் கொஞ்சமாக இழுக்க வேண்டியிருந்தது.

கந்தகமும் சுண்ணாம்பும்

செத்த கட்டை மழையில் மக்காமல் இருக்கச் சுண்ணாம்புக் கந்தகக் கரைசல் பூச வேண்டும். கடையில் தேடி அலைவதைவிட வீட்டில் காய்ச்சுவது எளிது. ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்பு, இரண்டு பங்கு கந்தகத் தூள், பத்துப் பங்கு தண்ணீர், எல்லாம் எடைக் கணக்கு. பழைய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும், பிறகு சமையலுக்கு ஆகாது. ஒரு மணி நேரம் கொதித்தால் கஷாய நிறத்தில் சிவப்பாக வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். திறந்த வெளியில், ஆவி நம் மேல் அடிக்காத பக்கம் நின்று, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் காய்ச்ச வேண்டும். புளிப்பான எதுவும் அதில் விழக் கூடாது, விஷ வாயு கிளம்பும். தெளிந்ததை வடித்துக் கண்ணாடி பாட்டிலில் வாய் வரை நிரப்பி மூடி வைத்தால் பல மாதம் இருக்கும்.

கட்டையை முதலில் தண்ணீரால் நனைத்தேன். ஈரக் கட்டை கரைசலை உள்ளே இழுக்கும். பெட்டி மண்ணைப் பாலித்தீனால் மூடிவிட்டு, உயிர்ப்பட்டையின் ஓரம் வரை மட்டும் சின்ன பிரஷ்ஷால் தீட்டினேன். முதலில் மஞ்சள் பூசியது போல இருந்தது. இரண்டு நாள் வெயிலில் வெளுத்தது. அந்த வெள்ளை எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்நாட்டு மரத்துக்கு அது பொருந்தும். இங்கே வெயிலில் காய்ந்த கட்டை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். அதனால் இரண்டாவது பூச்சில் கைவிளக்குக் கரியைச் சிட்டிகை கலந்தேன். தோப்பில் முதலில் பார்த்த நிறம் அப்படியே திரும்பி வந்தது.

அதன் பிறகு

ஒன்பதாவது மாதம் கம்பியைக் கழற்றினேன். சுற்றி எடுக்கக் கூடாது, ஒவ்வொரு சுற்றாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் பட்டை லேசாக அமுங்கியிருந்தது, இப்போது மறைந்துவிட்டது.

2022 ஆடியில் தொட்டி மாற்றினேன். புதுச்சேரியில் 1971ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அங்கே கற்றுக்கொண்டவர்கள் அக்கம்பக்கத்தில் சூளை வைத்தார்கள். அதனால் அதிக வெப்பத்தில் சுட்ட கெட்டியான மண்பாண்டம் இங்கே கிடைப்பது நம் அதிர்ஷ்டம். பளபளப்புப் பூச்சில்லாத, செம்பழுப்புத் தட்டு ஒன்று சொல்லி வைத்துச் செய்து வாங்கினேன். 45 சென்டிமீட்டர் நீளம், 9 ஆழம். மீன் பெட்டியை வெட்டித் திறந்தபோது வேர் பாய் பின்னியது போல இருந்தது. ஆணிவேரின் மிச்சத்தை அப்போதுதான் முழுவதும் அறுத்தேன். வெட்டுவாயைச் சுற்றிலும் புது வேர் விட்டிருந்ததால் மரம் ஒரு இலைகூட உதிர்க்கவில்லை.

2024 ஏப்ரலில் முதல் பூ. துளிரில் இல்லை, இலை உதிர்ந்த பழைய கணுக்களில், கொத்துக் கொத்தாக, கத்திரிப்பூவையும் தாண்டிய நீலம். மாமாவைக் கூட்டி வந்து காட்டினேன். தோப்பில் அத்தனை வருடம் இருந்தும் அது பூத்துப் பார்த்ததில்லை என்றார். வருடா வருடம் அரிந்த கழியில் எங்கிருந்து பூக்கும்.

அந்த நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய ராத்திரி, மரத்தைத் தட்டோடு மாடிப்படியின் கீழே இறக்கி வைத்திருந்தேன். காற்று படவில்லை. ஆனால் அடுத்த மூன்று நாளும் தெருவில் தண்ணீர், சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையும் பெருகி ஊரே அல்லாடியதில் மரத்தைப் பார்க்க நேரம் இல்லை. நான்காம் நாள் பார்த்தபோது படிக்கட்டுச் சாரல் பட்டுப் பட்டு, செத்த கட்டை மண்ணைத் தொடும் அடிப்பகுதியில் பாசி ஏறியிருந்தது. கத்தியால் குத்தினால் அரை விரல்கடை மெத்தென்று உள்ளே போகிறது.

இந்த மரத்தின் பலவீனம் அந்த இடம்தான். மேலே எத்தனை வருடம் வேண்டுமானாலும் நிற்கும். மண்ணைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கித் தங்கி மக்கும். மெத்தென்றதைச் சுரண்டி எடுத்து, ஒரு வாரம் காயவிட்டு, மரத்தை இறுக்கும் பசையை ஊற்றி ஊற்றி ஊற வைத்தேன். மேலே மறுபடி கந்தகக் கரைசல். அந்தப் பக்கம் மட்டும் மேல்மண்ணை எடுத்துவிட்டுப் பெரிய சரளையாகப் போட்டேன், தண்ணீர் நிற்காமல் இருக்க. அடுத்த தொட்டி மாற்றத்தில் மரத்தையே ஒரு விரல்கடை உயர்த்தி நடப் போகிறேன். வலப்பக்க உச்சிக் கிளை இன்னும் கனமாக இருக்கிறது, அதையும் அப்போது ஒரு கணு குறைக்க வேண்டும். இடப்பக்கக் கிளையில் அன்று விரிசல் விட்ட இடம் கணு போலப் புடைத்துவிட்டது. அதன் அடியிலிருந்து போன மாதம் புதிதாக ஒரு துளிர் வந்திருக்கிறது. அதை இன்னும் கிள்ளவில்லை.